கத்திக்கு முன்னால் மாத்திரை: டர்பனில் என் மலக்குடல் ஆபரேஷன்

எனக்கு மலக்குடலில் வந்தது புற்றுநோய்தான். ஆனால் மலக்குடல் புற்றுநோய் என்றதும் டாக்டர்கள் முதலில் நினைக்கும் வகை இல்லை. வழக்கமான வகை குடலின் உள்சவ்வில் தொடங்கும். மலக்குடலில் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதுதான். என்னுடையது குடல் சுவரின் தசைப் பகுதியில் கிளம்பி வெளிப்பக்கமாக வளர்ந்தது. ஜிஸ்ட் என்று பெயர். பெரும்பாலும் இரைப்பையில் வரும், அடுத்தபடியாகச் சிறுகுடலில். மலக்குடலில் வருவது மொத்த ஜிஸ்டில் சுமார் 5 சதவீதம்தான். ஒரே இடத்தில் வந்தாலும் இந்த இரண்டு வகைக்கும் ஆபரேஷன் வேறு, அதற்கு முந்தைய சிகிச்சையும் பிந்தைய சிகிச்சையும் வேறு. அந்த வித்தியாசத்தைக் கவனித்த ஒரு டாக்டர் கிடைக்காமல் போயிருந்தால், நான் இன்று நிரந்தரமாக வயிற்றில் மலம் சேரும் பையோடு இருந்திருப்பேன்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கும் வேலைக்காக தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, அதற்கு வடக்கே உள்ள வெருலத்தில் வீடு வாங்கி, இங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரன்களும். வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவார்கள். ஆனால் காவடி, புரட்டாசி விரதம், மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவது எதையும் விடவில்லை. உடம்பின் அந்த இடத்தைப் பற்றி வாய்திறக்கக்கூடாது என்ற பழக்கத்தையும் விடவில்லை. எனக்கு ஆபரேஷன் முடிந்து வெகுநாள் கழித்துத்தான், எதிர்வீட்டு அக்காவின் கணவருக்கும் வருடக்கணக்காக ஸ்டோமா பை (வயிற்றில் குடலுக்குத் திறந்த வாயில் மாட்டும் பை) இருக்கிறது என்று தெரியவந்தது. இத்தனை வருடமும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்கு முதலில் வந்தது சிறுநீர்த் தொல்லை. நின்று நின்று போனது, ராத்திரியில் பலமுறை எழுந்தேன். வயது ஐம்பதைத் தாண்டியதால் பிராஸ்டேட் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. ரத்தத்தில் பிராஸ்டேட் கோளாறைக் காட்டும் பிஎஸ்ஏ அளவு சரியாக இருந்தது, மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சநாள் ஓடியது. அப்புறம் மலம் மெல்லிசாக, பட்டையாக வர ஆரம்பித்தது. போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் ஓர் உணர்வு. மூலம் என்று நானே ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். வேறொரு ஜிபி, அதாவது பொது மருத்துவர், "படுங்க, விரல் விட்டுப் பார்த்துடலாம்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மலக்குடலின் முன்பக்கச் சுவரில், பிராஸ்டேட்டை ஒட்டி, வழுவழுவென்று பெரிய புடைப்பு. மலக்குடல் ஜிஸ்ட் ஆண்களுக்குப் பிராஸ்டேட் தொல்லையாகவும் பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கட்டியாகவும் வேஷம் போடுவது உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இந்த விரல் பரிசோதனைக்குச் சம்மதிக்காமல் நழுவும் ஆண்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். வேறெந்தப் பரிசோதனைக்கும் முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில், திசுவைக் கிள்ளி எடுத்த முதல் பயாப்ஸி, ஒன்றுமில்லை என்று வந்தது. வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். ஆனால் அதில் ஆச்சரியம் இல்லை: கட்டி சவ்வுக்குக் கீழே இருக்கிறது, கிள்ளி எடுத்ததோ மேலே இருக்கும் நல்ல சவ்வை. புடைப்பு கண்ணுக்குத் தெரியும்போது இப்படி ரிப்போர்ட் வந்தால், கிள்ளும் கருவி கட்டிவரை போகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். எம்ஆர்ஐயில் கட்டி 7 சென்டிமீட்டர் இருந்தது.

இந்த இடத்தில்தான் பாதை இரண்டாகப் பிரிந்தது. முதலில் பார்த்த சர்ஜன், ஸ்கேனை வைத்தே சொல்லிவிட்டார்: ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும், நிரந்தரமாகப் பை, அடுத்த வாரமே தியேட்டர் காலியாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கட்டி இருந்த இடம் அப்படி. ஆனால் பெயர் தெரியாத கட்டியை எடுக்க இவ்வளவு அவசரமா என்று என் மனைவிதான் கேட்டாள். அவள் நர்ஸோ டாக்டரோ இல்லை, பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. இன்னொரு சர்ஜனைப் பார்த்தோம். அவர் ஸ்கேனைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "நிணநீர் முடிச்சு ஒண்ணுகூட வீங்கல. கட்டியோட விளிம்பு சுத்தமா இருக்கு. இது வழக்கமானது மாதிரி தெரியல" என்றார். அல்ட்ராசவுண்ட் குழாயோடு ஊசி விட்டு மறுபடி பயாப்ஸி எடுக்கப்பட்டது. திசுவுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்ததில், ஜிஸ்டைக் காட்டிக்கொடுக்கும் சிடி117, டாக்1 என்ற இரண்டு புரதங்களும் பாசிட்டிவ். ஜிஸ்ட் என்பது உறுதியானது.

ஜிஸ்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இதன் வேர் கிட் என்ற மரபணுவில் வரும் மாற்றம் என்று 1998-ல் ஜப்பானில் ஹிரோட்டா குழு கண்டுபிடித்தது. ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இமாட்டினிப் என்ற மாத்திரை அதே மரபணு செய்யும் புரதத்தை அடைக்கும் என்று தெரிந்து, 2000-ல் ஹெல்சின்கியில் ஒரு நோயாளிக்கு முதன்முறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. அதற்கு முன் இந்த நோய்க்கு ஆபரேஷனை விட்டால் நம்பத்தகுந்த வழி எதுவும் இல்லை. கீமோ ஊசிகள் இதனிடம் ஏறக்குறைய வேலை செய்வதில்லை.

என் கட்டிக்கு ஏன் அவசரப்படக்கூடாது என்று இரண்டாவது சர்ஜன் சொன்ன காரணங்களை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆணின் இடுப்பெலும்புக்கூடு குறுகலானது. அதற்குள் 7 சென்டிமீட்டர் கட்டியை எடுப்பது, வாய் குறுகிய குடத்துக்குள் கைவிட்டுத் தேங்காயை எடுப்பது மாதிரி. ஜிஸ்ட் உள்ளே மெத்தென்று இருக்கும், அழுத்தினால் உடையும். ஆபரேஷனில் உடைந்துவிட்டால் செல்கள் சிதறி நோய் திரும்பிவரும் வாய்ப்பு வெகுவாகக் கூடிவிடும். மாத்திரை கொடுத்துச் சுருங்க வைத்துவிட்டால், உடையாமல் முழுசாக எடுக்கலாம், ஆசனவாயை மூடித் திறக்கும் சுருக்குத் தசையைக் காப்பாற்றலாம், பிராஸ்டேட்டைத் தொடாமல் விடலாம். இன்னொன்று: ஜிஸ்ட் நிணநீர் முடிச்சுகளுக்குப் பெரும்பாலும் பரவாது. வழக்கமான புற்றுநோய்க்குச் செய்வதுபோல் சுற்றியுள்ள கொழுப்பையும் முடிச்சுகளையும் அகலமாக வழித்தெடுக்கத் தேவையில்லை. சுத்தமான ஓரத்தோடு கட்டி முழுசாக வந்தால் போதும். சிறிய கட்டியாக இருந்தால் ஆசனவாய் வழியாகவே எடுத்துவிடுவதும் உண்டு.

மதுரையில் இருக்கும் அண்ணன் போனில் விடவே இல்லை. "தம்பி, ஊருக்கு வந்துடு. அங்க யார் இருக்கா உன்னைப் பார்த்துக்க?" ஊருக்குப் போகவில்லை. ஆனால் அவர் பேச்சால் ஒரு நல்லது நடந்தது. இங்குள்ள லேபில் என் பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி, சென்னையில் திசுவைப் பரிசோதிக்கும் இன்னொரு பேத்தாலஜிஸ்டுக்கு அனுப்பினோம். வெறும் ரிப்போர்ட்டை அனுப்பினால் அவர்களால் அதைப் படிக்கத்தான் முடியும். மெழுகுக் கட்டி இருந்தால் மறுபடி வெட்டி, சாயம் ஏற்றி, மரபணுவும் பார்க்கலாம். அது நோயாளியின் திசு, கேட்டால் கொடுப்பார்கள். மரபணுப் பரிசோதனையை ஆடம்பரம் என்று நினைக்கவேண்டாம். கிட் மரபணுவின் 11-ஆம் பகுதியில் மாற்றம் இருந்தால் தினமும் 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும். 9-ஆம் பகுதியில் இருந்தால் 800 தேவைப்படலாம். கிட்டில் இல்லாமல் பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற வேறொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றமாக இருந்தால் இமாட்டினிப் பலன் தராது, மாதக்கணக்கில் விழுங்கிக் காத்திருப்பது வீண். எனக்கு 11.

இங்கே மெடிக்கல் எய்ட் என்று சொல்லும் மருத்துவக் காப்பீடு முதலில் மாத்திரைக்குப் பணம் தர மறுத்தது. பெயர் வேண்டாம், எல்லா எய்டும் ஒரே மாதிரிதான். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் பி.எம்.பி. என்ற மூன்று எழுத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1998-ல் வந்த மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின்படி, எந்தத் திட்டத்தில் இருந்தாலும் கட்டாயம் பணம் தரவேண்டிய நோய்களின் பட்டியல் அது. குணப்படுத்தக்கூடிய நிலையில் உள்ள திட உறுப்புப் புற்றுநோய் அதில் வருகிறது. வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை என்பதை ஆன்காலஜிஸ்ட், அதாவது புற்றுநோய் டாக்டர், எழுத்தில் காட்டவேண்டும். இங்கே அதை மோட்டிவேஷன் லெட்டர் என்பார்கள். என் டாக்டரின் இரண்டாவது லெட்டரில், ஆபரேஷனைச் சின்னதாக்கத்தான் இந்த மாத்திரை என்றும், இல்லையென்றால் நிரந்தர ஸ்டோமாவின் செலவு எய்டின் தலையில்தான் வரும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குப் பிறகு பதில் சீக்கிரம் வந்தது. அப்படியும் மறுத்தால், எய்டுகளைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸிடம் புகார் கொடுக்கலாம். எய்ட் இல்லாதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிதான் வழி. எங்கள் பக்கத்தில் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்புவார்கள்.

மாத்திரை காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறைவு. வெறும் வயிற்றில் போட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். புரட்டாசியில் வீட்டில் எல்லோரும் ஒருவேளை விரதம் இருந்தபோது நான் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன், பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் கண் இமை வீங்கும், பார்ப்பவர்கள் ராத்திரியெல்லாம் குடித்தாயா என்று கேட்பார்கள். கெண்டைக்கால் சதை திடீரென்று இழுக்கும். பக்கத்துவீட்டுத் தாத்தா தன் மரத்தில் காய்த்த கிரேப்ஃப்ரூட்டை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அது இந்த மருந்தோடு ஆகாது, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். வாங்கி, நன்றி சொல்லி, வேறு வீட்டுக்குக் கொடுத்தோம். மூலிகைப் பொடி, கஷாயம் என்று வருவதையும் இப்படித்தான் கையாள வேண்டியிருந்தது.

முதல் ஸ்கேன் என்னைக் கலங்கடித்தது. கட்டியின் அளவு ஏறக்குறைய அப்படியே. ஆன்காலஜிஸ்ட் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்: முன்பு வெளுப்பாகத் தெரிந்த இடம் இப்போது கருத்திருந்தது. ஜிஸ்ட் முதலில் உள்ளுக்குள் செத்து, அடர்த்தி குறைந்து, அதற்குப் பிறகுதான் அளவில் சுருங்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சென்டிமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு மனம் உடையவேண்டாம். பிந்திய ஸ்கேன்களில் 4 சென்டிமீட்டருக்கு வந்தது, அதற்குமேல் குறையவில்லை. இதற்கு மேல் இழுத்தால் மருந்துக்கு எதிர்ப்பு உண்டாகலாம் என்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். பொதுவாக இப்படி 6 முதல் 12 மாதம் வரை மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன் சர்ஜனிடம் கேட்டவற்றில் ஒன்றைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, மனைவிதான் கேட்டாள். ஆண்மைக்கும் சிறுநீர் கட்டுப்பாட்டுக்குமான நரம்புகள் மலக்குடலின் இரண்டு பக்கமும் முன்பக்கமும்தான் ஓடுகின்றன. கட்டி முன்பக்கம் இருந்ததால் ஆபத்து இருந்தது. அவர் ஒளிக்காமல் சொன்னார்: காப்பாற்ற முயற்சி செய்வேன், முதல் சில மாதம் மந்தமாக இருக்கலாம், சிலருக்குத் திரும்புவதில்லை, உதவ மருந்து உண்டு. எனக்கு மெதுவாகத் திரும்பியது. முன்கூட்டியே தெரிந்திருந்ததால் அந்த மாதங்களில் எங்களுக்குள் வீண் சந்தேகங்கள் வரவில்லை.

முந்தைய நாள் ஸ்டோமா சிஸ்டர் வந்து வயிற்றில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தார். உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்துப் பார்த்தார். நான் பெல்ட் போடும் இடத்தையும் கோயிலுக்குப் போகும்போது வேட்டி கட்டும் இடத்தையும் காட்டினேன். இரண்டுக்கும் கீழே, மடிப்பு விழாத இடமாகப் பார்த்துப் புள்ளியை நகர்த்தினார். படுத்த நிலையில் மட்டும் குறிக்க வந்தால், நீங்களே எழுந்து உட்காருங்கள். பை ஒழுகுவதில் பாதிப் பிரச்சினை அந்தப் புள்ளியில் இருக்கிறது.

கட்டி உடையாமல் வந்தது. மலக்குடலின் கீழ்ப்பகுதியை எடுத்து, பெருங்குடலை ஆசனவாய்க்குச் சற்று மேலே இணைத்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை மலம் அந்த வழியே போகாமல் இருக்க, சிறுகுடலின் ஒரு வளையத்தை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துவிட்டார்கள். இலியோஸ்டமி, தற்காலிகம்தான்.

அந்தத் தற்காலிகம்தான் எனக்கு மிகக் கஷ்டமான காலம். பெருங்குடலுக்குப் போகாமலே வெளியே வருவதால் கழிவு தண்ணீராக இருக்கும், செரிமான நீரும் சேர்ந்து தோலை அரித்துவிடும். பையின் ஓட்டை ஸ்டோமாவைச் சுற்றி ஒட்டியபடி வெட்டப்படவேண்டும். முதல் வாரங்களில் ஸ்டோமா வீக்கம் வடிந்து சின்னதாகிக்கொண்டே வரும், அதனால் அடிக்கடி அளந்து வெட்ட வேண்டும். பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தால் இடைவெளியில் தோல் வெந்துபோகும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலிசெய்ய வேண்டும், கனம் ஏறினால் ஓரம் பிய்த்துக்கொள்ளும்.

வெருலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. எங்கள் குழாயில் தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. டேங்கர் லாரி வரும் நாளில் தெருவே வாளியோடு நிற்கும். பை வைத்திருப்பவனுக்குத் தண்ணீர் இல்லாத நாள் நரகம். கழிப்பறையில் 5 லிட்டர் பாட்டில்களை வரிசையாக நிரப்பி வைத்தோம், அதைக் குடிக்கவோ சமைக்கவோ யாரும் தொடக்கூடாது என்று சட்டம். ஒரு சின்ன வாய் உள்ள பாட்டிலால் பையின் அடிவாயைக் கழுவினால் அரை டம்ளர் தண்ணீரில் வேலை முடியும். வெளியே போனால் ஒரு மாற்றுப் பை, டிஷ்யூ, கழிவுக்கவர், ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாம் காரிலேயே இருக்கும். என்2 நெடுஞ்சாலையில் எந்த கேரேஜில் (இங்கே பெட்ரோல் பங்கை அப்படித்தான் சொல்வோம்) கழிப்பறை சுத்தம் என்று நான் ஒரு வழிகாட்டியே எழுதலாம்.

தாகம் எடுக்கிறதே என்று தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால், உப்பையும் அள்ளிக்கொண்டு அது பைக்கே போய்விடும். டர்பனின் பிப்ரவரி வேக்காட்டில் எனக்குத் தலை சுற்றி, சிறுநீர் அடர்ந்து, ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு சிஸ்டர் சொன்ன கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா என்னும் சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம். ஃப்ரிட்ஜில் வைத்து நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிக்கவேண்டும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு நாளில் பையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். குழைந்த சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, இங்கே கிடைக்கும் சோளமாவுப் பாப் எல்லாம் கழிவைக் கெட்டியாக்கும். தேங்காய்ச் சில்லு, காளான், முழுச் சோளம், முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவை அடைத்துக்கொள்ளக்கூடும். கல்யாண வீட்டில் பீன்ஸ் கறி ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, அன்று பை பலூனாக ஊதியதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

சில மாதங்களில், தையல் ஆறிவிட்டதை ஸ்கோப்பிலும் எக்ஸ்ரேயிலும் பார்த்து உறுதிசெய்து, ஸ்டோமாவை மூடினார்கள். சின்ன ஆபரேஷன். எல்லாம் முடிந்தது என்று உறவுகள் போன் செய்து வாழ்த்தினார்கள். உண்மையில் அடுத்த பாடு அப்போதுதான் ஆரம்பம். மலத்தைத் தேக்கிவைக்கும் இடமே போய்விட்டதால், அவசரம் வந்தால் நொடிகூடத் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்தடுத்துப் போகவேண்டி வரும். காற்றா மலமா என்று தெரியாது. இதற்கு லார்ஸ் என்று பெயரே இருக்கிறது, கீழ்மலக்குடல் ஆபரேஷன் செய்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் வரும். யாரும் முன்பே அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு உதவியவை: சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு பேதியைக் கட்டுப்படுத்தும் லோபிராமைட் மாத்திரை, இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி, ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமாக முடிப்பது, கழிப்பறையில் ஒரு கைக்குழாய். இந்த ஊரில் காகிதம்தான் வழக்கம், ஆனால் அடிக்கடி போகிறவனுக்குக் காகிதம் தோலை உரித்துவிடும். ஜிங்க் களிம்பை ஒவ்வொரு தடவையும் தடவினேன். அலுவலகத்தில் மேஜையைக் கழிப்பறைப் பக்கம் மாற்றித் தரக் கேட்டேன், காரணம் கேட்டவர்களிடம் நேராகச் சொன்னேன். முதல் வருடத்தில் நன்றாகவே குறைந்தது. முழுசாகப் போகவில்லை. இன்றும் காவடி ஊர்வலத்தில் நான் முன்வரிசையில் நடக்க மாட்டேன்.

பேத்தாலஜி ரிப்போர்ட்டில் ஓரங்கள் சுத்தம். செல் பிரியும் வேகத்தைக் காட்டும் எண்ணும் குறைவாகவே இருந்தது. அதைப் பார்த்து, ஆபத்து குறைவு என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆன்காலஜிஸ்ட் அந்த எண்ணை ஏற்கவில்லை. மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த கட்டியில் அந்த எண்ணை நம்ப முடியாது, சிகிச்சைக்கு முன் எடுத்த ஊசி பயாப்ஸியின் எண்தான் கணக்கு என்றார். 7 சென்டிமீட்டர், அதுவும் மலக்குடலில் என்பதால் நான் அதிக ஆபத்துப் பிரிவு. அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு ஒரு வருடத்தைவிட மூன்று வருடம் மாத்திரை கொடுப்பது நல்லது என்று ஸ்காண்டிநேவிய, ஜெர்மன் நாட்டு மருத்துவர்கள் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. அதன்படி மாத்திரையைத் தொடர்ந்தேன். மெடிக்கல் எய்ட் ஒவ்வொரு வருடமும் புதிய மோட்டிவேஷன் கேட்டது. பழைய லெட்டர், பயாப்ஸி, மரபணு ரிப்போர்ட், எல்லா ஸ்கேன் சிடியும் ஒரே கோப்பில் இருந்ததால் அந்தத் தலைவலி கொஞ்சம் குறைந்தது.

இப்போது மாத்திரை நிறுத்தியாகிவிட்டது. நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் நிறுத்திய பிறகு வரும் ஓரிரு வருடங்களில்தான் என்பதால், மாத்திரை சாப்பிட்ட காலத்தைவிட இப்போதுதான் ஸ்கேன் அடிக்கடி. வயிற்றுக்கு சிடி ஸ்கேன், இடுப்புக்கு எம்ஆர்ஐ. எதிர்வீட்டு அக்காவின் கணவர்தான் பாதி நாள் காரில் கூட்டிப்போகிறார். எந்த கேரேஜில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.